வானொலிக்குத் தெரியாத வீடு

வானொலி தலைகளை எண்ணுவதில்லை, கால்களைத்தான் எண்ணுவாள். படகில் தலைகள் ஓரிடத்தில் நிற்காது. ஒன்று குனிந்து கடலைப் பார்க்கும், ஒன்று தூணுக்குப் பின்னால் போய்ப் போன் பேசும், இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். கால்கள் அப்படி ஏமாற்றாது. கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகையில் ஏறும்போது எவ்வளவு பெரிய மனிதரும் கீழே பார்த்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாக வேண்டும். அந்த ஒரு கணத்தில் செருப்பையும் ஷூவையும் மனதில் பதித்துக்கொண்டால் போதும், நாள் முழுக்க ஆள் தொலையாது. சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் இந்தப் பதினோரு வருடத்தில் ஒருவரைக்கூட அவள் அக்கரையில் விட்டுவிட்டு வந்ததில்லை.

அன்று அறுபத்திரண்டு கால்கள். முப்பத்தொரு பேர். அதில் இரண்டு ஜோடிகளை அவள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

முதல் ஜோடி, பழுப்பு நிறக் காலணி. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. உல்லாசப் பயணம் வருகிறவர்கள் புதுச் செருப்பு போட்டுக் காலைக் கடித்துக்கொள்வார்கள். இது வேலைக்காக நடந்து நடந்து தேய்ந்த கால். பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார் என்று போன வாரம் கடிதம் வந்திருந்தது. இவர்தான்.

இரண்டாவது ஜோடி, எண்ணெய் ஊறிக் கறுத்த ரப்பர் செருப்பு. தினமும் காலையில் வீட்டு வாசலில் அவள் தடுக்கி விழுகிற அதே செருப்பு. நிமிர்ந்து பார்த்தாள். புருஷன், இஸ்திரி போட்ட சட்டையில், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்க இங்க?"

"டூர் போறேன்."

"எந்த டூர்?"

"உன் டூர்தான். ஊர் உலகமே கேட்டிருக்கு. கட்டின புருஷன் நான் ஒருத்தன்தான் கேட்டதில்ல."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தானே பேசறேன்!" என்றார் அவர். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இருபத்திரண்டு வருடமாகப் படகின் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவர். காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியும் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் என்பாள் அவள். பதினோரு வருடமாக இருவரும் ஒரே படகில்தான் போய் வந்தார்கள். மேல்தளத்தில் அவள் மைக்கில் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு பலகை கனத்துக்குக் கீழே அவர் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு சொல்கூட இறங்காது. வீட்டுக்குப் போனால் பேசிப் பேசி ஓய்ந்த அவள் வாயைத் திறக்க மாட்டாள், பகலெல்லாம் பேசாத அவர் நிறுத்த மாட்டார். வானொலி என்று அவளுக்குப் பெயர் வைத்த படகு ஆட்களுக்கு, அந்த வானொலி வீட்டில் ஓடுவதே இல்லை என்று தெரியாது. இப்போது அவருடைய படகை அடிப்பலகை மாற்றக் கரையேற்றியிருந்தார்கள். பயணிகளுக்கு வேறு படகு விட்டிருந்தார்கள், அவர் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். இரண்டாம் நாளே இப்படிக் கிளம்பி வந்துவிட்டார்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இன்றைக்கு அவள் கைப்பையில் ஒரு படிவம் இருந்தது.

அக்கரையில் இருப்பது வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய துறைமுக ஊர். கோட்டை வாசல், கவர்னர் மாளிகை, சுங்கச் சாவடி, மணிக்கூண்டு என்று பயணிகளை எட்டு இடங்களில் நிறுத்திக் காட்ட வேண்டும். ஏழாவது இடம் ஒரு மஞ்சள் வீடு. மாடியில் நீலக் கதவு போட்ட ஒரே ஒரு ஜன்னல். அங்கே வந்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், ஏனென்றால் அவள் குரலை இறக்கி அந்தக் கதையைச் சொல்வாள். ஒரு கப்பல் கேப்டனின் மனைவி தினமும் அந்தி சாயும்போது அந்த ஜன்னலில் ஒரு நீல விளக்கு வைத்தாள். பத்தொன்பது வருடம் வைத்தாள். கப்பல் வரவில்லை. எண்ணெய் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், விளக்கு இல்லாத அந்த ஒரே நாளில், கப்பல் வந்தது. துறையைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டது.

அழாத பயணிகள் குறைவு. மற்ற வழிகாட்டிகளும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் கேப்டன் மனைவிக்கு ஒரு கிளியைச் சேர்த்தார். வானொலிக்குக் கோபம் வந்து, "சரித்திரத்துல ஏன்யா கைய வைக்கற?" என்று அவரோடு சண்டை போட்டாள்.

ஆனால் அந்தச் சரித்திரம் அவள் கட்டியது.

வழிகாட்டி ஆவதற்கு முன் ஒன்பது வருடம் அவள் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். கவுண்டர் என்றால் முழங்கை இடிக்கிற ஒரு கூண்டு. கண்ணாடியில் ஐந்து விரல் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாளெல்லாம் கேள்விகள் வரும். அடுத்த படகு எப்போது, மழை வந்தால் போகுமா, ஏன் இன்னும் வரவில்லை. மேலிடம் அவளுக்கு எதையும் சொல்லிவைப்பதில்லை. தெரியாதுங்க, தெரியாதுங்க என்று சொல்லிச் சொல்லி நாக்கில் ஆணி விழுந்துவிட்டது. ஒருநாள் ஒரு பயணி, "உனக்கு என்னதாம்மா தெரியும்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் மறந்திருப்பாள். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

அப்புறம் ஒரு காலையில் வழிகாட்டிக்குக் காய்ச்சல். மேனேஜர் கவுண்டர் கதவைத் தட்டி, "உனக்குத்தான் நாலு பாஷை வருமே, நீ போ," என்று கையேட்டைத் திணித்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடாத. தெரியாதுங்கறதக் கேக்கவா டிக்கெட் எடுத்து வர்றாங்க?"

ஏழாவது இடத்தில் ஒரு பெண், "அந்த நீல ஜன்னல்ல யார் இருந்தாங்க?" என்று கேட்டாள். கையேட்டில் 'மஞ்சள் வீடு, காலம் சரியாகத் தெரியவில்லை' என்று ஒரே வரி. ஒன்பது வருடத்துத் 'தெரியாது' மொத்தமும் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "ஒரு கேப்டனோட மனைவி," என்றாள். விளக்கு அன்றைக்கே வந்தது. பத்தொன்பது வருடம் மூன்றாம் வருடத்தில் சேர்ந்தது. ஐந்தாம் வருடம், ஒரு மழைநாளில், பூனை.

இப்போது அலுவலகம் அந்த வீட்டுச் சுவரில் பித்தளைப் பலகை வைக்கப் போகிறது. கதை எங்கிருந்து கிடைத்தது என்று வழிகாட்டி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் படிவம். பொய் எழுதினால் அது பித்தளையில் ஏறிவிடும், யாராலும் இறக்க முடியாது. உண்மையை எழுதினால், கையேட்டில் இல்லாததைச் சொன்னதற்காகக் கழுத்தில் தொங்குகிற லைசென்ஸ் போகும். திரும்பவும் கூண்டு, ஐந்து விரல் ஓட்டை.

படகு நடுக்கடலுக்கு வந்ததும் பழுப்புக் காலணி அவளருகே வந்து நின்றது.

"நான்தாங்க லெட்டர் போட்டவ," என்றார் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சுருட்டிய பழைய வரைபடத்தின் நகல். "கதை எங்க அலுவலகத்துல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. படிவம் மட்டும் குடுத்துட்டீங்கன்னா அடுத்த வாரம் எழுத்து வெட்டக் குடுத்துடுவோம்."

"சாயங்காலம் தர்றேன் மேடம்."

"ஒரே ஒரு சந்தேகம். இந்த வரைபடத்துல அந்த வீட்டுக்குப் பின்னாடி பெரிசா தண்ணித் தொட்டி மாதிரி குறி இருக்கு. ஒரு கேப்டன் வீட்டுக்கு எதுக்கு அவ்வளவு தண்ணி?"

வானொலிக்குப் பதில் உடனே நாக்கு நுனியில் வந்தது. கேப்டன் மனைவி மீன் வளர்த்தாள். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது. "பாக்கலாம் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

கோட்டை வாசலிலும் கவர்னர் மாளிகையிலும் அவள் வாய் தன்பாட்டில் பேசியது. புருஷன் முதல் வரிசையை விட்டு அசையவில்லை. பீரங்கியைப் பார்த்ததும் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்பு. பராமரிப்புதான் சரியில்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். மணிக்கூண்டில் கடிகாரம் ஏன் நின்றுபோனது என்று அவள் விளக்கியபோது, "பல்சக்கரம் தேஞ்சிருக்கும்," என்றார். கூட்டம் சிரித்தது. அவள் முறைத்தாள். முறைப்பு அவருக்குக் கேட்காது.

ஏழாவது இடம். மஞ்சள் வீட்டின் கீழே ஒரு தையல் கடை. தையல்கார அக்கா அந்த வீட்டில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். முதலில் கூட்டம் வந்து எட்டிப் பார்த்தபோது, "அளவு எடுக்கறப்பவா தலைய நீட்டுவீங்க?" என்று கத்தினவள், பிறகு ஒருநாள் ஜன்னலில் நீலக் கண்ணாடி விளக்கொன்றை மாட்டினாள். துணிப்பையில் நூலால் விளக்குப் படம் தைத்து விற்கிறாள். இந்தக் கதை இல்லாவிட்டால் அவள் கடையை யார் எட்டிப் பார்ப்பார்கள்? வானொலிக்கு லைசென்ஸோடு இந்தக் கவலையும் சேர்ந்து கனத்தது.

"இந்த ஜன்னலப் பாருங்க," என்று தொடங்கினாள். குரல் பழக்கத்தில் தானே இறங்கியது. "இங்க ஒரு கேப்டனோட மனைவி இருந்தாங்க..."

அப்போதுதான் புருஷனைப் பார்த்தாள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்ஜின் அறைக்கு யார் யாரோ கொண்டுவந்து சொன்னதைக் கேட்டுக் கேட்டு முழுக்கதையையும் மனப்பாடம் செய்திருக்கிறார். அவள் சொல்லப்போகும் சொல்லை அவள் சொல்வதற்கு முன்பே, கண்ணில் ஒரு பெருமையோடு, ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டு நிற்கிறார். யாரோ ஒரு பயணியிடம் சொல்வது வேறு. இந்த மனிதரிடம் ஒரு பொய்கூடச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அவள் விரல் இடுப்பிலிருந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டது. கூட்டத்தை விலக்கி அதிகாரியிடம் போனாள்.

"மேடம், ஒரு விஷயம்..."

"என்ன நின்னுடுச்சு?" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "மைக் போச்சா? இரு, நான் பாக்கறேன்."

இயந்திரம் ஒன்று ஓசையில்லாமல் நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. அதிகாரிக்கும் அவளுக்கும் நடுவே புகுந்து, ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்து, ஒயரை ஒருமுறை இழுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார். 'கொய்ங்' என்றது. "ஒண்ணுமில்ல, அணைஞ்சிருந்துச்சு. ம், இப்ப சொல்லு." மைக்கைத் தன் கையாலேயே அவள் வாயருகே பிடித்துக்கொண்டார்.

தெரு முழுக்க அவள் மூச்சு கேட்டது. இன்னும்கூட அவள் கேப்டன் மனைவியைச் சொல்லியிருக்கலாம்.

"அப்படி யாரும் இல்ல," என்றாள். "கேப்டன் மனைவி, விளக்கு, கப்பல் எல்லாமே நான் கட்டின கதை. பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன். இங்க யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். போன வருடமும் வந்தவள். "பூனையுமா?"

"பூனையும்தாம்மா."

"அட, போங்க," என்றாள் அந்த அம்மாள், நிஜமான துக்கத்தோடு.

புருஷன் மைக்கை இறக்கவில்லை. கையிலிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் கடை வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு, உதட்டில் குண்டூசிகளோடு நின்ற தையல்கார அக்கா ஒவ்வொரு ஊசியாக எடுத்து மணிக்கட்டுப் பஞ்சில் குத்தினாள். அது முடிகிற வரை வானொலி தலை நிமிரவில்லை.

"ஒருவழியா சொல்லிட்டியா," என்றாள் தையல்கார அக்கா.

"அக்கா, உங்களுக்கு..."

"எனக்கு முதல் நாளே தெரியும். அந்த ஜன்னலுக்கு உள்பக்கமே கிடையாது. மேல வந்து பாரு, வெறும் செங்கல் சுவர். அழகுக்கு வெளியில கதவு மாட்டி வச்சிருக்கான். நான் அந்த விளக்க மாட்டறதுக்கு ஏணி போட்டு வெளியிலேர்ந்து ஏறினேன். உன் கேப்டன் பொண்டாட்டி தினம் ஏணியா போட்டா?"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ கேக்கலையே! பதினோரு வருஷமா வாசல்லயே நின்னு ஊருக்கெல்லாம் கதை சொல்ற, ஒருநாள் உள்ள வந்திருக்கியா? ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா? சரி, நல்லாத்தானே சொல்றா, நாம ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அதிகாரி வரைபடத்தை விரித்தார். "பின்னாடி தண்ணித் தொட்டி ஏதாவது இருக்காங்க?"

"தொட்டியா? வந்து பாருங்க. நான் சாயத்துணி ஊற வைக்கறதே அதுலதான்."

தையல் இயந்திரங்களுக்கு நடுவே, வெட்டிய துணித்துண்டுகளை மிதிக்காமல், முப்பத்தொரு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். கொல்லைப்பக்கம் திறந்த முற்றம். நடுவில் இடுப்பு உயரத்துக்குப் பெரிய கல்தொட்டி. அதைச் சுற்றிச் சாய்வாகப் பதித்த ஒன்பது கற்கள், நடுவில் குழி விழும் அளவுக்குத் தேய்ந்து, முதுகுகள்போல. ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் உளியால் கொத்திய சின்ன அடையாளம். ஒன்றில் மீன். ஒன்றில் சீப்பு. ஒன்றில் மூன்று புள்ளி. ஒன்றில் ஏணி.

"துவைக்கற கல்லு," என்றார் அதிகாரி, மண்டியிட்டு. அவர் குரல் மாறியிருந்தது. "கப்பல்லேர்ந்து, மாளிகைலேர்ந்து எல்லாத் துணியும் இங்கதான் வந்திருக்கு. எழுதப் படிக்கத் தெரியாததால ஆளுக்கொரு அடையாளம். இது இன்னார் கல்லுன்னு."

"மாடியில கொடி கட்டற கொக்கி வரிசையா இருக்கு," என்று மேலேயிருந்து கத்தினார் புருஷன். எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. "நூறு கிலோ தாங்கும்! ஈரத்துணி காயப்போட்டதுதான், வேற எதுக்கும் இவ்வளவு கொக்கி போட மாட்டான்!"

அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு கல்லில் குனிந்து, பாசியைச் சுரண்டி, "இங்க ஒரு இலை இருக்கு", "இது நிலா" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பூனைக்காக வருந்திய அம்மாள் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வீசித் துவைத்துப் பார்த்தாள். எட்டாவது இடத்தை யாரும் கேட்கவில்லை.

வானொலி அந்த முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தையல்கார அக்கா கொடுத்த சொம்பு. சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை பேர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நின்று இல்லாத ஒருத்திக்கு அவள் பதினோரு வருடம் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் இத ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்," என்றார் அதிகாரி, அருகில் வந்து. "நீங்க சொன்னதையும் சேர்த்து."

"எழுதுங்க மேடம்." கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, கதை எங்கிருந்து கிடைத்தது என்ற இடத்தில் 'என்னிடமிருந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது பலகையில் அறுபத்திரண்டு கால்களும் ஏறின. எல்லாச் செருப்பிலும் பாசி. படகு கிளம்பிய பிறகு புருஷன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்டகூடச் சொல்லலையே நீ."

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

"வீட்ல நீ வாயே திறக்காம இருந்தது இதனாலயா? மனசு உறுத்திக்கிட்டு?"

"இல்லங்க. தொண்டை வலி."

அவர் சிரித்த சிரிப்பில் கடற்புறா இரண்டு கைப்பிடியிலிருந்து எழுந்து பறந்தன. பிறகு, அவருக்கு முடிந்த அளவு மெதுவாக, அதாவது அடுத்த நான்கு இருக்கைகளுக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாத்தான் கட்டியிருக்க கதைய. அந்த எண்ணெய் தீர்ந்துபோற இடம் எனக்கு எப்பவும் ஒருமாதிரி ஆயிடும்," என்றார்.

லைசென்ஸை ஒரு மாதம் பிடித்து வைத்தார்கள். அந்த ஒரு மாதம் அவள் பழைய கூண்டில் உட்கார்ந்தாள். ஐந்து விரல் ஓட்டை வழியாக அதே கேள்விகள் வந்தன. தெரியாததற்குத் "தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள். எழுந்துபோய்க் கேட்டும் சொன்னாள். வெளியே போய்வர அந்தக் கூண்டுக்கு ஒரு கதவு இருந்ததை முன்பு அவள் யோசித்ததே இல்லை.

மறுபடி அக்கரைக்குப் போன நாளில் பித்தளைப் பலகை வந்திருந்தது. நான்கு வரி. கடைசி வரி, 'இங்கு உழைத்தவர்களின் பெயர்கள் தெரியவில்லை.' தையல்கார அக்காவின் பைகளில் விளக்கோடு இப்போது மீனும் சீப்பும் ஏணியும் இருந்தன. கதை போனதால் கூட்டம் குறையவில்லை. உள்ளே போகலாம் என்றானதால் கொஞ்சம் கூடியிருந்தது.

அன்று நாற்பத்தாறு கால்கள். முற்றத்தில் ஒரு பெண் மீன் போட்ட கல்லருகே குனிந்து நின்றாள். பெரிய மீனுக்குக் கீழே, பாசிக்குள், இன்னொரு குட்டி மீன். அதுவரை யாரும் பார்க்காதது.

"இது அம்மா, இது பொண்ணா?" என்று கேட்டாள். "அம்மாவுக்குப் பிறகு பொண்ணு இதே கல்லுல துவைச்சாளா?"

வானொலிக்கு அது வந்தது. முழுசாக வந்தது. ஒரு மழைக்காலம், அம்மாவின் இருமல், உளியைப் பிடித்த சின்னக் கை. மைக் வாயருகே இருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"தெரியாது," என்றாள் அவள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்து, குட்டி மீனின் மேலிருந்த பாசியை நகத்தால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தாள். வானொலி மைக்கை அணைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள்.